கீரை பறிக்கத் தயங்குதல்: நோய்க்கூறும் பரிகாரமும்

1. ஆய்வுப் பொருள்

வீட்டுக் கீரையைக் கெடுப்பவை என்று நாற்றழுகல், வெள்ளைத் துரு, இலை பிணைக்கும் புழு ஆகியவற்றை வேளாண் கையேடுகள் வரிசைப்படுத்துகின்றன. இவற்றைவிடக் கொடியது ஒன்று அவற்றின் கண்ணில் படவில்லை: தோட்டக்காரரின் பாசம். பாத்தி கட்டி, காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர் தெளித்து, முளைவிட்டதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டவர், பறிக்கும் நாள் வந்ததும் "இன்னும் ரெண்டு நாள் போகட்டுமே" என்கிறார். அந்த இரண்டு நாளில் தண்டு நாரேறி, நுனியில் பூங்கதிர் எட்டிப் பார்க்கிறது. கீரையைச் சமைக்க வேண்டிய வீட்டில் கத்தரிக்காய் வாங்க ஆள் போகிறது.

2. ஆய்வுக் களம்

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி, இந்த ஆய்வுக்கென்றே அமைந்தது போன்ற ஊர். கீழே கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளையும் சமவெளி; மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன். சமவெளி வீட்டில் கீரையை விதைக்கிறார்கள். சாமையும் கேழ்வரகும் போடும் மலைக் கொல்லையிலோ பண்ணைக்கீரையும் குப்பைக்கீரையும் யாரையும் கேட்காமல் முளைக்கின்றன. களை பிடுங்குகிறவர் கையிலேயே குழம்புக்கான கீரையும் சேர்ந்துவிடும். தான் விதைக்காத செடியிடம் எவருக்கும் பாசம் பொங்குவதில்லை. ஆகவே, தயக்க நோய் விதைப்பின் பக்கவிளைவே என்பது இந்த ஆய்வின் முதல் முடிவு.

3. நோய் தொற்றும் தருணம்

கீரை விதை கறுப்பாக, கடுகைவிடப் பொடியாக இருக்கும். அப்படியே தூவினால் ஓரிடத்தில் குவியும், ஓரிடம் வழுக்கையாகும். அதனால் மணலோடு கலந்து தூவி, மேலே மண்ணை லேசாகத் தடவிவிடுவார்கள். தூவிக் கை கழுவி வருவதற்குள் எறும்புகள் பாத்தியின் ஓரமாக அணிவகுத்து, ஆளுக்கொரு கறுப்பு மணியைத் தூக்கிக்கொண்டு புற்றுக்குப் போகும். சிலர் பாத்தியைச் சுற்றி ரவையைத் தூவி அவற்றின் கவனத்தைத் திருப்புகிறார்கள். எறும்புக்கு லஞ்சம் கொடுத்துக் காப்பாற்றிய செடியைக் கிள்ள யாருக்குத்தான் மனம் வரும்?

4. பறிப்பில் மூன்று கட்சிகள்

பிடுங்கும் கட்சிக்கு முளைக்கீரையும் சிறுகீரையும் சொந்தம். 25 நாள் ஆனதும் வேரோடு இழுத்து, மண்ணை உதறி, கட்டாகக் கட்டிவிடுவார்கள். ஒடிக்கும் கட்சிக்கு முருங்கை. கிளையையே முறித்துக் கீழே போட்டு, திண்ணையில் உட்கார்ந்து ஆற அமர உருவுவார்கள். இந்த இரு கட்சியிலும் நோய் குறைவு. ஒரே இழுப்பு, ஒரே முறிப்பு, கதை முடிந்தது.

சிக்கல் கிள்ளும் கட்சியில்தான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 3 கிள்ளுவதற்கென்றே வந்த கீரை ரகம். விதைத்த 20 நாள் வாக்கில் கிள்ளத் தொடங்கினால், மூன்று மாதத்துக்குள் பத்துத் தடவை வரை எடுக்கலாம். நுனி இருக்கும் வரை, பக்க மொட்டுகளைத் தலையெடுக்க விடாத ஹார்மோன் அங்கிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து நுனியை 'டக்'கென்று முறித்ததும் அந்த அதிகாரம் கவிழ்கிறது. கீழே இலைக் கக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த மொட்டுகள் ஒவ்வொன்றும் கிளையாக வெடிக்கின்றன. கிள்ளாத செடி ஒற்றைக் கம்பாக உயர்ந்து பூக்கும்; கிள்ளிய செடி புதராகும்.

மேல்நாட்டுத் தோட்டக்காரர் கேல் கீரையில் இதைத் தலைகீழாகச் செய்கிறார். முட்டைக்கோஸ் குலத்தைச் சேர்ந்த கேலில் முதிர்ந்த அடியிலைகளை ஒடித்துக்கொண்டு, நடுக் குருத்தைத் தொடாமல் விடுவார்கள். புது இலை அங்கிருந்துதான் வரும். பனி பட்டால் அதில் இனிப்பும் கூடும். கள்ளக்குறிச்சிச் சித்திரை வெயிலில் அதற்கு வேலையில்லை. அந்த வெயில் நம் அரைக்கீரைக்குத்தான் கொண்டாட்டம்: மக்காச்சோளம், கரும்பு போலவே இதுவும் சூட்டில் ஒளிச்சேர்க்கையைத் திறமையாக நடத்தும் சி4 வகைத் தாவரம். கேல் வளர்ப்புப் படம் பார்த்துவிட்டு அரைக்கீரையின் அடியிலையை மட்டும் ஆய்கிறவர், நோயின் முற்றிய நிலையில் இருக்கிறார்.

5. தயக்கமற்ற பிராணி

வேலி தாண்டிய வெள்ளாடு கிள்ளும் கட்சியின் தீவிர உறுப்பினர், நுனியிலிருந்துதான் ஆரம்பிக்கும். ஆனால் ஈரப் பாத்தியில் செடி வேரோடு வந்துவிடுவதால், பாதி வேலையிலேயே பிடுங்கும் கட்சிக்குத் தாவிவிடுகிறது. ஆகவே அதன் முறையைப் பரிந்துரைப்பதற்கில்லை.

6. பரம்பரைக் கோளாறு

இந்த நோயின் விளைவு ஒரு பருவத்தோடு தீர்வதில்லை. தயங்கித் தயங்கி முதலில் பூக்கவிட்ட செடியைத்தான், "சரி, விதைக்கு இருக்கட்டும்" என்று விடுகிறார்கள். சீக்கிரம் பூக்கும் குணம் அந்த விதையிலும் இறங்குகிறது. நாலைந்து தலைமுறை இப்படியே போனால், கிள்ள விரல் நீளும் முன்பே பூக்கும் கீரை அந்த வீட்டுக்கென்று தனி ரகமாகத் தேர்ந்துவிடும்.

பரிகாரம் எளிது. முந்திப் பூக்கும் செடிகளை உடனே பிடுங்கிச் சட்டியில் போட்டுக் கடைந்துவிட வேண்டும். பத்துத் தடவை கிள்ளியும் பூக்காமல் அடம்பிடிக்கும் இரண்டு மூன்று செடிகளை மட்டும் விதைக்கு நிறுத்தி, கதிர் காய்ந்ததும் முறத்தில் தட்டி, சாம்பல் கலந்து டப்பாவில் போட்டு, மூடியை இறுக்கி மூடலாம். எறும்பு வருமுன் மூடுவது உத்தமம்.