வெள்ளிக்கிழமை மீன்

புரட்டாசி சனிக்கிழமையில் பிரியாணிக் கடை முதலாளியின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு லூ குரோனின் கவலை சட்டென்று புரியும். அமெரிக்காவில், ஓஹியோ மாநிலத்துச் சின்சினாட்டியில் 1959இல் மெக்டொனால்ட்ஸ் கிளை எடுத்தவர் அவர். கடையின் பிழைப்பே மாட்டிறைச்சி பர்கர். அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களில் 87 சதவீதம் பேர் கத்தோலிக்கர்கள். வெள்ளிக்கிழமை வந்தால் சுத்தபோசனம், மாமிசத்தைத் தொடமாட்டார்கள். அன்றைக்கு நாள் முழுக்கத் திறந்து வைத்தாலும் கல்லாவில் விழுவது 75 டாலர்தான்.

மாமிசம் கூடாது, மீன் கூடும். திருச்சபை வகுத்த இந்தச் சலுகையில் மீனின் சம்மதத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. போட்டிக் கடையான ஃப்ரிஷ்ஸ் பிக் பாயில் மீன் சாண்ட்விச் ஏற்கெனவே சக்கைப்போடு போட்டது. குரோனும் ஹாலிபட் மீனை மாவில் தோய்த்துப் பொரித்து, டார்ட்டர் சாஸோடு பன்னுக்குள் வைத்து, மெக்டொனால்ட்ஸ் தலைவர் ரே கிராக்கிடம் கொண்டுபோனார்.

கடையெல்லாம் மீன் கவுச்சி அடிக்கும் என்று கிராக் முகத்தைச் சுளித்தார். வெள்ளிக்கிழமைக்கு அவரிடமே ஒரு சரக்கு இருந்தது, ஹூலா பர்கர். பன்னுக்குள் வாட்டிய அன்னாசி வட்டம் ஒன்று, மேலே சீஸ், அவ்வளவுதான். உலகத்துக்கே பர்கர் விற்கக் கிளம்பிய மனிதர் இதை நிஜமாகவே நம்பினார்.

இரண்டையும் ஒரே நாளில் விற்றுப் பார்ப்போம், ஜெயிப்பது நிலைக்கட்டும் என்று பேச்சானது. 1962ஆம் ஆண்டு புனித வெள்ளி. மீன் 350 போனது. ஹூலா பர்கர் 6. அந்த ஆறு புண்ணியவான்களை யாரும் தேடிப்பிடித்து விசாரிக்காதது வரலாற்றுக்குப் பெரிய நஷ்டம்.

தோற்றாலும் கிராக்தான் முதலாளி. ஹாலிபட் போட்டால் 30 சென்ட் விலை வைக்க வேண்டும். 25க்கு மேல் கூடாது என்றுவிட்டார். ஹாலிபட் இறங்கி, காட் மீன் ஏறியது. பிற்பாடு அலாஸ்கா பொல்லாக். உள்ளே வைக்கும் சீஸ் இன்றும் பல நாடுகளில் அரைத் துண்டுதான். முழுசாக வைத்தால் மீன் ருசி அமுங்கிவிடுமாம். கஞ்சத்தனத்துக்கு இதைவிட நாசூக்கான காரணத்தை ஒரு கல்யாணச் சமையல்காரர்கூடச் சொல்லிவிட முடியாது.

ஃபிலே-ஓ-ஃபிஷ் என்ற பெயரோடு 1965இல் அது அமெரிக்கா முழுக்கப் பரவியது. மறு ஆண்டே அடி விழுந்தது. திருத்தந்தை ஆறாம் பவுல் ஒறுத்தல் விதிகளைத் திருத்த, தவக்காலத்துக்கு வெளியே வரும் வெள்ளிகளில் மாமிசம் சாப்பிடுவது அவரவர் விருப்பம் என்று அமெரிக்க ஆயர்கள் சொல்லிவிட்டார்கள். மீன் அசரவில்லை. அமெரிக்காவில் ஆண்டு விற்பனையில் சுமார் கால்வாசி இப்போதும் தவக்காலத்தில்தான் நடக்கிறது. குரோன் நாற்பதுக்கும் மேற்பட்ட கிளைகளுக்கு அதிபராகி, கைநிறையச் சம்பாதித்துவிட்டுத்தான் ஓய்வெடுத்தார்.

கத்தோலிக்கரின் வெள்ளிக்கிழமைக்காகப் பொரித்த இந்த மீனுக்கு வேறொரு கூட்டமும் சேர்ந்துகொண்டது. ஹலால் இறைச்சி கிடைக்காத அமெரிக்க ஊர்களில், நெடுஞ்சாலையோரம் காரை நிறுத்தும் முஸ்லிம் குடும்பங்கள் பலவும் மெனுவை அண்ணாந்து பார்ப்பதே இல்லை. நேராக இதைத்தான் கேட்கிறார்கள்.