நட்சத்திரப் பொருத்தம்

எங்கள் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு நட்சத்திரம் பார்க்கவில்லை. இப்போது வெளியே போய் நாலு வாய் சாப்பிடுவதென்றால் 4.3-க்குக் கீழே பேச்சுவார்த்தையே கிடையாது. 3.9 என்றால், ஏதோ வில்லங்கம் உள்ள மனையைக் காட்டிவிட்டது போல மனைவி பார்க்கிறாள். எந்தச் செயலியின் நட்சத்திரம் என்பதில்தான் வீடு மூன்று கட்சியாகக் கிடக்கிறது. மகள் ஸொமாட்டோ, மனைவி ஸ்விக்கி, மாமனார் கூகுள் மேப்ஸ்.

என்னைக் கேட்டால், செயலி எதை வைத்துப் பிழைக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஸொமாட்டோ 2008-இல் ஃபுடிபே என்ற பெயரில் ஆரம்பித்தபோது ஓட்டல்களின் மெனு கார்டைப் பார்க்கிற இடமாகத்தான் இருந்தது. இன்று வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பது பெரிய தொழில். டெலிவரிக்கு ஒரு மதிப்பெண், நேரில் போய்ச் சாப்பிட இன்னொன்று என்று அதில் தனித்தனியாகத்தான் இருக்கிறது. பசி நேரத்தில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? சாம்பார் பொட்டலம் கட்டிய லட்சணத்துக்கு விழுந்த மதிப்பெண்ணை நம்பி, மேசை போட்டு உட்காரப் போகிறோம். ஓட்டலுக்கு வழிகாட்டுகிறவருக்கு வேறொரு பிழைப்பு இருப்பது பழைய கதைதான். மிஷெலின் என்ற டயர் கம்பெனி 1900-இல் பிரான்சில் கையேடு போட்டது ஊராரின் நாக்குக்காக அல்ல. ஜனங்கள் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினால்தானே டயர் தேயும்!

டிரிப்அட்வைசர் பக்கம் போகலாமென்றால், லண்டனில் ஊபா பட்லர் என்பவர் செய்த வேலை ஞாபகம் வருகிறது. தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை ஓட்டல் என்று அதில் பதிந்து, நண்பர்களை விட்டு ஆஹா ஓஹோ என்று எழுதச் சொன்னார். 2017-இல் அது லண்டனிலேயே முதலிடத்துக்கு வந்துவிட்டது. பண்டங்களின் படத்தில் இருந்தது ஷேவிங் நுரை. அதுவரை ஒருவரும் அங்கே ஒரு கவளம் சாப்பிட்டதில்லை.

ஆகவே நான் மேப்ஸ் கட்சி. ஆனால் மாமனாரின் கோஷ்டி இல்லை.

அவர் மேப்ஸுக்கு விமர்சனம் எழுதுகிற ‘லோக்கல் கைடு’. ஒரு விமர்சனத்துக்குப் பத்துப் புள்ளி, 200 எழுத்தைத் தாண்டினால் இன்னும் பத்து, ஒரு படத்துக்கு ஐந்து. பத்தாம் படியை எட்ட ஒரு லட்சம் புள்ளி வேண்டும். கைக்குக் காசு வராது, பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னம் வரும். தாலுகா ஆபீசில் காலம் தள்ளியவருக்கு அது போதும். ‘இட்லி மென்மை’ என்று எழுதினால் 200 எழுத்து எங்கே நிரம்பும்? பஸ் ஸ்டாண்டிலிருந்து வழி, கைகழுவும் இடத்தில் சோப்பு உண்டா, சுவரில் மாட்டியிருப்பது எந்த நகைக்கடைக் காலண்டர் என்று மகஸர் எழுதுவார். நெய் ரோஸ்ட் வந்தால் யாரும் தொடக்கூடாது.

“மாப்பிள்ளை, கையை எடுங்க, நிழல் விழுது.”

நேராக ஒன்று, சாய்த்து ஒன்று, சட்னியோடு ஒன்று. அதற்குள் ரோஸ்ட் துவண்டுவிடும். அப்புறம் எழுதுவார்: ‘மொறுமொறுப்பு போதாது. மூன்று நட்சத்திரம்.’

மற்றவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ‘நான் போனபோது பூட்டியிருந்தது’ என்று ஒற்றை நட்சத்திரம். வயிற்றைக் கலக்கியது என்று எழுதியவருக்கும் முதலாளியின் பதில்: ‘மிக்க நன்றி, மீண்டும் வருக!’ அதனால் நான் நட்சத்திரத்தையே பார்ப்பதில்லை. சாப்பிட்டவர்கள் எடுத்துப்போட்ட விலைப்பலகைப் படத்தைத்தான் தேடுவேன், அதுவும் சமீபத்தியதாக. அடுத்து, மூன்று நட்சத்திரக்காரர்கள் எழுதியது. ‘ரசம் நன்று, பொரியல் உப்பு’ என்று யோசித்துச் சொல்கிறவர்கள் அவர்கள்தான்.

போன ஞாயிறு இந்த முறையில் ஒரு மெஸ்ஸைக் கண்டுபிடித்தேன். மகள் தன் செயலியில் சரிபார்த்தாள், மனைவி தன் செயலியில் மேல்முறையீடு செய்தாள். தீர்ப்பாகிப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பலகை தொங்கியது: ‘சாப்பாடு முடிந்தது.’

மாமனார் ஃபோனை எடுத்துப் பலகையைப் பல கோணத்தில் படம் பிடித்தார்.

“வந்ததுக்கு ஒரு பதினஞ்சு பாயின்ட் தேறும், மாப்பிள்ளை.”