ஓடிபி நீந்தி வருமா, ஐயா?

வானத்தையே கையடக்கமாக்கி விற்கும் நிறுவனத்தின் மேன்மைதங்கிய வாடிக்கையாளர் சேவை அதிகாரி அவர்களுக்கு, தூத்தூர்க் கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் போட்டு ஒன்றை ஓட்டும் ஸ்ராங்கு பணிந்து எழுதுவது.

போன தங்கலில், நாங்கள் நடுக்கடலில் இருந்தபோது, எங்கள் தொழிலாளி ஒருவனின் மனைவிக்குப் பிரசவ நேரம். ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த அவளுடைய அக்காளின் எண்ணைத் தங்கள் செயற்கைக்கோள் செய்திக் கருவியில் சேர்க்கப் பார்த்தோம். பதிவு செய்த செல்பேசிக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாகவும், பத்து நிமிடத்துக்குள் அதைப் பதியும்படியும் திரை அன்போடு சொன்னது. செல்பேசி என் சட்டைப்பையில்தான் இருந்தது. டவர்தான் 150 நாட்டிக்கல் மைலுக்கு அப்பால். தங்கள் வாக்கு பொய்க்காது என்ற நம்பிக்கையில், ஓடிபி நீந்தி வருகிறதா என்று எல்லோரும் போட்டின் ஓரத்தில் நின்று பார்த்தோம். சூரை வந்தது, சுறா வந்தது. அது வரவில்லை.

கரை சேர்ந்து தங்கள் சேவை எண்ணுக்கு அழைத்தேன். "கடலுக்குப் போறதுக்கு முன்னாடியே சேர்த்திருக்கலாமே சார்" என்றது ஒரு பிள்ளை. நல்ல யோசனை. இனிமேல் பிரசவ வலியையும் புயலையும் ஐஸ் ஏற்றும்போதே சேர்த்து ஏற்றிக்கொள்கிறோம்.

ஏற்கெனவே கருவியில் இருந்த முதலாளி வீட்டு எண்ணுக்குச் செய்தி அனுப்பினோம், ஐயா, சும்மா இருக்கவில்லை. முன்பின் தெரியாத எண்ணிலிருந்து "உடனே பதில் அனுப்பவும்" என்று வந்ததும், அவர் மருமகன் மோசடி என்று பிளாக் செய்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. யாருக்கும் ஓடிபி சொல்லாதே என்று பேங்க் தினமும் ஓதி வளர்த்த பிள்ளை. நாங்களோ ஓடிபிக்காகக் கடலில் தூண்டில் போட்டவர்கள்.

தமிழில் எழுதினால் ஒரு செய்திக்கு 70 எழுத்துதான், ஆங்கிலத்துக்கு 160. புள்ளிக்கும் கொம்புக்கும்கூடத் தனித்தனிக் கணக்கு. "வந்துகொண்டிருக்கிறோம்" என்று எழுதினாலே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காலி. ஆபத்தில் இருப்பவன் சுருக்கமாகப் பேச வேண்டும் என்ற தங்கள் இலக்கணத்தை வணங்குகிறேன்.

தங்கள் அருமை எங்களுக்குத் தெரியாதா? வயர்லெஸ் பக்கத்துப் போட்டோடு பேசத்தான் ஆகும். அத்தனை தூரத்திலிருந்து கரைக்கு எட்டாது. 2010 முதல் இஸ்ரோவின் அபாயக் கருவி இருக்கிறது: தீ, போட்டு மூழ்குகிறது, ஆள் கடலில் விழுந்தான், மருத்துவ உதவி என்று பொத்தானை அழுத்தலாம். கரை அதைக் கேட்டதா என்பது மட்டும் தெரியாது. பதில் சொல்லும் இரண்டாம் தலைமுறைக் கருவி வந்தது 2024இல். நடுவில், 2019இல், ஜெமினி என்று ஒன்று தந்தார்கள். அது கரை சொல்வதைக் கேட்கும், நாம் சொல்வதைக் கொண்டுபோகாது. முதல் கருவிக்கு வாய் மட்டும், ஜெமினிக்குக் காது மட்டும். தங்கள் கருவிக்கு இரண்டும் உண்டு. பூட்டும் உண்டு, சாவி கரையில்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் பக்கம் அடித்தபோது, காற்று வருகிறது என்பது கரைக்குத் தெரிந்துவிட்டது. ஆழ்கடலில் கிடந்தவனுக்கு அதைச் சொல்லத்தான் வழியில்லை. புதைக்க உடல்கூடக் கிடைக்காத வீடுகள் எங்கள் தெருவில் இருக்கின்றன. அந்த வீட்டுக்காரியிடம் வந்து, "முன்னாடியே சேர்த்திருக்கலாமே" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். கடல் எது, கரை எது என்று தெரியாதவன் எழுதிய மென்பொருளுக்கு நாங்கள் ஏனய்யா சாக வேண்டும்?

மன்னிக்கவும், உப்புக்காற்று. வேறு கடைக்குப் போவேன் என்று தங்களை மிரட்டவும் மாட்டேன். அனுமதி இல்லாத செயற்கைக்கோள் கருவியோடு வந்த வெளிநாட்டு மலையேறியையே விமான நிலையத்தில் பிடித்துவைக்கும் நாடு இது. ஆகவே தங்களைவிட்டால் எங்களுக்கு நாதியில்லை.

கேட்பது ஒன்றே. எண்ணைச் சேர்க்கவும் மாற்றவும் கருவியிலேயே ஒரு வழி வையுங்கள். ரகசிய எண் வேண்டுமென்றால் எங்களிடம் முன்கூட்டியே கொடுங்கள். வீல் ஹவுசில் மாதா படத்துக்குப் பின்னால் எழுதி வைத்துக்கொள்கிறோம். முடியாதென்றால், அந்த முடியாததை நாங்கள் கடலில் இருக்கும்போது கருவிக்கே அனுப்புங்கள். 70 எழுத்துக்குள், தயவுசெய்து ஓடிபி இல்லாமல்.