தானாகப் போனவர்கள்

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் யாரும் யாரையும் வேலையை விட்டு நீக்குவதில்லை. அவ்வளவு தங்கமான முதலாளிகள். 18 வருஷம் கிடங்கில் சரக்கு எண்ணிய ஸ்டோர்கீப்பர், வீட்டுக் கடனும் கார் தவணையும் கழுத்தை நெரிக்கும்போது, ஒரு மத்தியான வேளையில் ‘சொந்தக் காரணங்களுக்காக’ விலகிவிடுகிறார். நம் ஆட்களுக்கு அப்படித் திடீர்த் துறவு வரும்.

துறவு வாய்க்கும் இடம் ஏர்கான் அறை. மேசையில் ராஜினாமாக் கடிதம் தயாராக இருக்கும், அவர்களே தட்டச்சு செய்தது. பக்கத்தில் மூடி கழற்றிய பேனா. மனிதவள அதிகாரி நம்ம வீட்டுப் பிள்ளைதான். கரிசனம் தமிழிலேயே வழியும்.

“அண்ணே, கையெழுத்துப் போட்டுருங்க. டிஸ்மிஸ்னு போட்டா ரெக்கார்டு கெட்டுரும், வேற எங்கயும் எடுக்க மாட்டாங்க.”

“வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேம்மா.”

“வெளிய போனீங்கன்னா, கையெழுத்துப் போட்டா தர்றதாச் சொன்ன ஒரு மாசச் சம்பளமும் இல்லண்ணே.”

எதற்கு இத்தனை பாசம்? கணக்குப் போட்டால் தெரியும். ஆட்குறைப்பு என்று சொல்லி அனுப்பினால், 1980ஆம் ஆண்டு விதிகளின்படி ஐந்து வருஷத்துக்கு மேல் உழைத்தவருக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். நம் ஸ்டோர்கீப்பருக்கு 360 நாள். தானாக விலகியவருக்குச் சைபர். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ நடத்தும் வேலைக் காப்புறுதிக்கு மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தார்களே, அதுவும் தானாக விலகியவருக்குக் கிடையாது.

குற்றம் சுமத்தி நீக்கலாமே என்றால், அதை நிரூபிக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்து அனுப்பிவிட்டால் காரணம் வேண்டாம் என்று மிதப்பில் இருந்த கம்பெனிகளை 1981இல் ஜே அண்ட் பி கோட்ஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் மண்டையில் குட்டியது. நோட்டீஸோடு அனுப்பினாலும் நீக்கம் நீக்கம்தான், சொன்ன காரணத்தை நிரூபி என்றது. அந்தத் தீர்ப்பைத் தந்த ராஜா அஸ்லான் ஷா பின்னாளில் மாமன்னராகவே ஆனார். மாமன்னர் வாக்கையே தாண்ட வழி கண்டுபிடித்தவர்களைச் சும்மா சொல்லக் கூடாது!

கட்டாய ராஜினாமாவும் நீக்கம்தான் என்று நீதிமன்றங்கள் ஒப்புக்கொள்கின்றன. ஆனால் கட்டாயப்படுத்தினார்கள் என்பதை நிரூபிக்கும் பாரம் ஸ்டோர்கீப்பர் தலையில் விழுகிறது. சாட்சி யார்? அந்த அறையில் இருந்த மற்ற எல்லாரும் கம்பெனி ஆட்கள்.

1967 தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு புகார் செய்ய 60 நாள்தான் தருகிறது. “மேலிடத்துல பேசிட்டிருக்கேண்ணே, கொஞ்சம் பொறுங்க” என்று அந்த 60 நாளையும் தின்றுவிடுவார்கள். அதற்கப்புறம் போன் எடுக்க ஆளிருக்காது. சிக்கனம் செய்த பெரியவர்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலை விரித்து அப்பளம் நொறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

இதே கிள்ளானில் 1941இல் தோட்டத் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம், குறை சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது என்று கேட்டார்கள். தலைமை தாங்கிய ஆர்.எச். நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பட்டாளத்தை இறக்கிச் சுட்டார்கள். கொடுமைதான். ஆனாலும் நாதனை ‘சொந்தக் காரணங்களுக்காக’ கப்பலேறுகிறேன் என்று எழுதித் தரச் சொல்லும் சாமர்த்தியம் வெள்ளைக்காரனுக்கு இல்லை.

அண்ணே, அந்தப் பேனாவைத் தொடாதீர்கள். உங்களை நீக்கத்தான் வேண்டுமென்றால் அவர்களே காரணம் எழுதட்டும், அடியில் அவர்களே கையெழுத்தும் போடட்டும்.