கோபுரவியல்: மாதனூர் பஸ் ஸ்டாப்பை முன்வைத்து ஒரு முன்னாய்வு

மாதனூரில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள், கும்பிடும் இடத்தின் மேல் உயரமாக எது தெரிந்தாலும் 'கோபுரம்' என்றே சொல்கிறார்கள் (டீக்கடைப் பெஞ்சு, இடப்புறம்). இதனால் அறிஞர் பெருமக்களுக்கு உறக்கமில்லை. ஆகவே வகைப்பாடு பின்வருமாறு:

1. கோபுரம்: வாசலுக்கு மேல் எழுவது. வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலில் ஏழு நிலையோடு நிற்பது.

2. விமானம்: கருவறைக்கு மேல் எழுவது. தஞ்சைப் பெரிய கோயிலில் சுமார் 216 அடி. இதைக் கோபுரம் என்று எழுதிய மாணவருக்குப் பட்டம் தள்ளிப்போகும்.

3. சிகரம்: வடக்கே முழுவதும், தெற்கே தலை மட்டும்.

4. மினாரா: நாகூர் தர்காவில் ஐந்து. 131 அடிப் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். ஆகவே இதை ஆராய்வது எந்தத் துறை என்று கோப்பு சுற்றிக்கொண்டிருக்கிறது.

5. மாதா கோயில் கோபுரம்: பெரும்பாலும் வாசலுக்கு மேலேயே எழுவது. விதி 1-இன்படி இது அப்பழுக்கற்ற கோபுரம். தஞ்சைக்கு மறுத்த பெயர் இதற்குப் போய்விட்டதை விதி செய்தவர்கள் இன்னும் கவனிக்கவில்லை.

6. குழாய் ஸ்பீக்கர்: விமானத்துக்கு உறுப்பு ஆறு: அதிட்டானம், சுவர், பிரஸ்தரம், கழுத்து, சிகரம், கலசம். இப்படி அங்குலம் அங்குலமாக அளந்த சிற்ப நூல்கள் ஏழாவதை விட்டுவிட்டன. மும்மதத்துக்கும் பொதுவான ஒரே உறுப்பு இதுதான். கலசம் ஒற்றைப்படை, குழாயோ இரட்டை. ஒன்று ஊரைப் பார்க்கும், மற்றது நெடுஞ்சாலையை (ஆம்பூர்–வேலூர் பஸ், படிக்கட்டுப் பதிப்பு, இரண்டாம் தொங்கல்). ஆடியில் கூழ் ஊற்றும்போது, கோபுரமில்லாத அம்மன் கோயிலில் குழாய் தென்னையில் ஏறும். அப்போது அந்த மரம் கோபுரமா, விமானமா? வேர் வாசலில் இருப்பதால் கோபுரம் என்பார் பழம்பள்ளியார். மட்டை கருவறை மேல் விழுவதால் விமானம் என்பார் புதுப்பள்ளியார் (கண்டக்டர் உரை, சில்லறைப் பாடபேதம், பின்படிக்கட்டு மறுப்புடன், மறுப்புக்கு மறுப்பு: ஜன்னலோர இருக்கை, மழையில் நனைந்த பிரதி). ஒலி மாசு விதிகள், 2000-இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை இவ்வுறுப்புக்கு ஓய்வு. ஆகவே அந்த எட்டு மணி நேரம் தென்னை வெறும் தென்னையே என்பது மூன்றாம் பள்ளி. இப்பள்ளியில் சேர இடமில்லை.

முடிவு: வாசல் மேல் இருப்பது கோபுரம், கருவறை மேல் இருப்பது விமானம், கருத்தரங்க மேடை மேல் இருப்பது ஆய்வாளர். மூன்றாவதன் உயரத்தை அவரே அளந்து அச்சிட்டிருக்கிறார்.