72க்குக் கடை, 6க்கு விலங்கு

முதலில் நம் அரசுக்கு ஒரு பாராட்டு. 2022 ஆகஸ்ட் 11ஆம் தேதி தமிழ்நாடு முழுக்கப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துப் போதைக்கு எதிராக உறுதிமொழி எடுக்க வைத்தது. பிள்ளைகளும் கையை நீட்டிச் சொன்னார்கள். அவர்கள் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்குள், பகல் 12 மணிக்கு, அதே அரசின் டாஸ்மாக் மதுக்கடைகள் ஷட்டரைத் தூக்கின. காலையில் உறுதிமொழி, மதியம் குவார்ட்டர். ஒரே முதலாளி, இரண்டு ஷிப்ட்.

இந்த இரண்டு ஷிப்ட் வியாபாரத்தைக் கணக்குப் போட்டுக் காட்டி, அதற்காகவே பதவி இழந்த ஒரு மனிதர் லண்டனில் இருக்கிறார். பெயர் டேவிட் நட். இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியர். மருந்தும் போதையும் மூளைக்குள் போய் என்ன செய்கின்றன என்பதுதான் அவர் ஆராய்ச்சி. பிரிட்டிஷ் அரசின் போதைப்பொருள் ஆலோசனைக் குழுவுக்கு அப்போது அவரே தலைவர். 2009 ஜனவரியில் ஒரு கட்டுரை எழுதினார். எக்ஸ்டசி மாத்திரையால் பெரிய ஆபத்து வருவது 10,000 தடவைக்கு ஒன்று, குதிரை சவாரியால் வருவது 350 தடவைக்கு ஒன்று, அப்படியானால் எதைத் தடை செய்யலாம் என்று கேட்டிருந்தார். உள்துறை அமைச்சர் அவரை மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அதே ஆண்டு அக்டோபரில், சாராயமும் புகையிலையும் கஞ்சாவையும் எல்எஸ்டியையும்விடக் கெடுதல் என்று அவர் சொன்னது அச்சில் வந்தது. புதிதாக வந்திருந்த அமைச்சர் ஆலன் ஜான்சன் பதவியைப் பிடுங்கிவிட்டார். ஆலோசகரிடம் அரசு கேட்பது ஆலோசனை இல்லை, ஆமாம் சாமி என்பது மனுஷனுக்குத் தெரியவில்லை. நம் திண்டுக்கல் நத்தத்தில் பிறந்து, குதிரைக்குப் பதில் ஜல்லிக்கட்டுக் காளையையோ, மாசித் திருவிழாவில் மாரியம்மன் கோயில் முன்னால் ஏறுகிற கழுமரத்தையோ உதாரணம் காட்டியிருந்தால், பதவியோடு விட்டிருக்க மாட்டோம்.

நட் விடவில்லை. 2010இல் லான்செட் இதழில் 20 போதைப்பொருட்களை 16 அளவுகோல்களில் எடைபோட்டு, கெடுதலுக்கு நூற்றுக்கு மதிப்பெண் போட்டார். சாராயம் 72. ஹெராயின் 55. கஞ்சா 20. போதைக் காளான் 6. நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: எடுத்துக்கொள்கிறவன் உடம்புக்கு மட்டும் பார்த்தால் ஹெராயினும் கிராக் கொக்கைனும்தான் பெரிய எமன்கள். சாராயம் முதலிடத்துக்கு வந்தது, குடிக்கிறவனைச் சுற்றி இருப்பவர்களுக்கு அது செய்யும் கேட்டினால். அடி வாங்கும் மனைவி, பரீட்சைக்கு முதல் நாள் இரவு தெருவில் நிற்கும் பிள்ளை, ரோட்டில் எதிரே வந்த பாவத்துக்குச் செத்த யாரோ ஒருவர். இதெல்லாம் பிரிட்டன் கணக்கு என்பதை மறக்க வேண்டாம். தாலியை அடகு வைக்கும் வழக்கமே இல்லாத ஊரில் 72.

திண்டுக்கல் மாவட்டத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. நட் போட்ட பட்டியலின் தலையும் காலும் ஒரே மாவட்டத்தில் கிடைக்கும். மேலே கொடைக்கானலில் 6. கீழே நத்தத்தில் 72. காளானில் இருக்கும் சைலோசிபினை வைத்து, எந்த மருந்துக்கும் மசியாத மனச்சோர்வு உள்ள 12 பேருக்கு நட் குழுவினர் சோதனை செய்து 2016இல் நம்பிக்கை தரும் முடிவை வெளியிட்டார்கள். 12 பேர் என்பது சின்னக் கணக்குதான். காட்டில் முளைத்ததை எல்லாம் பிடுங்கித் தின்னுங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி அந்தப் பொருள் கையில் இருந்தால் விலங்கு. 72க்கு அதே சட்டத்தில் இடமே இல்லை. மலையில் பிடித்துக் கொடுக்கிற அரசே சமவெளியில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறது.

நத்தம் ரெடிமேட் சட்டைக்குப் பேர்போன ஊர். பகல் பதினொன்றரைக்கு, திறக்காத கடையின் முன்னால் நிற்கிறவர்களில் தையல்காரர்கள் இருப்பார்கள். கையைப் பாருங்கள், முகத்தைப் பார்க்க வேண்டாம். “ஒரு கட்டிங் உள்ள போனாத்தாண்ணே ஊசில நூல் கோக்க முடியுது” என்பார்கள். ஊர் இதைத் திமிர் என்கிறது. மருந்தியல் வேறு மாதிரி சொல்லும். மூளையை அடக்கி வைக்கும் காபா என்ற ரசாயனத்துக்குச் சாராயம் கை கொடுக்கிறது, கிளப்பிவிடும் குளூட்டமேட்டை அமுக்குகிறது. தினமும் இப்படி அமுக்கினால் மூளை சும்மா இருக்குமா? ஈடுகட்டக் கிளப்பும் பக்கத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. ஒரு நாள் சரக்கு நின்றால், அமுக்க ஆளில்லாத மூளை தறிகெட்டு ஓடும். முதலில் கை நடுக்கம், வியர்வை, பிறகு வலிப்பு, இல்லாத பூச்சியைச் சுவரில் பார்ப்பது, சிலருக்கு மரணம். ஆக, அந்தத் தையல்காரர் 12 மணிக்கு வாங்குவது போதை இல்லை. நேற்றைய சரக்குக்கு இன்றைய மருந்து. நோயைக் கொடுத்தவனே மருந்தும் விற்கிறான். இப்படி ஒரு வாடிக்கையாளரை எந்தக் கம்பெனியும் கனவில்கூடக் கண்டிருக்காது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கடைகளை ஒரே ராத்திரியில் மூடினார்களே, அந்தத் தறிகெட்ட மூளைகளை அன்றைக்கு யார் நினைத்தார்கள்? நடுக்கம் தாங்காமல் கண்டதையும் கலந்து குடித்துச் செத்தவர்கள் உண்டு. மே 7ஆம் தேதி வட்டம் போட்டு, போலீஸ் காவலோடு கடையைத் திறந்தார்கள். ஒரே நாளில் 170 கோடிக்கு மேல் விற்றது. நம் மதுரை மண்டலத்துக்கு முதலிடம், சந்தோஷப்பட்டுக்கொள்வோம். மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. அரசு டெல்லிக்கு ஓடி, ஒரே வாரத்தில் உச்ச நீதிமன்றத் தடையுத்தரவோடு திரும்பியது. கொரோனா காலத்தில் இவ்வளவு வேகமாக எழுந்து நடந்த நோயாளி கஜானா ஒன்றுதான்.

நெடுநாள் குடியில் பி1 வைட்டமின் வற்றிப்போனால் ஞாபகம் அழியும். கோர்சகாஃப் நோய் என்பார்கள். அதன் விசேஷம், மறந்துபோன இடத்தை நோயாளி தானாகவே கதை கட்டி நிரப்புவார். பொய் என்று அவருக்கே தெரியாது. ஒரு சொட்டும் குடிக்காமல் இந்த நோய் வந்தவர்களைக் கோட்டையில் பார்க்கலாம். 2016 தேர்தலில் ஜெயலலிதா படிப்படியாக மதுவிலக்கு என்றார், கருணாநிதி முழு மதுவிலக்கு என்றார். ஜெயலலிதா கட்சி 2016இல் 500 கடையை மூடியது. கருணாநிதி கட்சி 2023இல் 500 கடையை மூடியது. 2016-17இல் 27,000 கோடியை ஒட்டி இருந்த டாஸ்மாக் வருமானம் 2023-24இல் 45,800 கோடியைத் தாண்டியது. கடை குறைந்தது, கல்லா கொழுத்தது. கேட்டால் படி எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பார்கள்.

அந்தக் கோடிகளில் மூளையைச் சரிசெய்ய எவ்வளவு போகிறது? 2019இல் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் எடுத்த கணக்குப்படி, நாட்டில் குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சையாவது கிடைக்கிறது. ஆஸ்பத்திரியில் படுக்க இடம் கிடைப்பது 180இல் ஒருவருக்கு. வலிப்பைத் தடுக்கும் மாத்திரையும் பி1 ஊசியும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை, சாதாரண மருந்துகள்.

கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்று உடனே ஒரு குரல் வரும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கடைகள் திறந்துதான் இருந்தன. மெத்தனால் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தின்றது. செத்தவர் குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் கொடுத்தது. கொடுக்கட்டும், அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டும்தான். அரசுச் சரக்கை, முத்திரை ஒட்டிய பாட்டிலில், வரி கட்டி, இருபது வருஷம் குடித்து ஈரல் வெந்து செத்தவன் பெண்டாட்டிக்கு என்ன உண்டு? காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தரும் திட்டம் உண்டு. உடைந்த கண்ணாடி யானையின் காலைக் கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றம் கவலைப்பட்டதால் 2022இல் நீலகிரியில் தொடங்கினார்கள். யானைக்கு உண்டு, பாட்டிலுக்கு உண்டு. குடித்தவன் வீட்டுக்கு இல்லை.