பேய்க்குத்தான் நஷ்டம்

வெளியூர்ப் பேய்கள் கொடுத்து வைத்தவை. நள்ளிரவில் சங்கிலியை இழுத்துக்கொண்டு நடந்தால் போதும், கோட்டையில் பிரபு குடும்பமே மயங்கி விழும். அப்படிப் பந்தாவாக இருந்த ஒரு பேயை அமெரிக்கக் குடும்பம் ஒன்று படுத்தி எடுத்த கதையை ஆஸ்கர் வைல்டு 1887இல் எழுதினார். ஆங்கிலேயர்கள் சிரித்தார்கள். மதுரைக்கு அதில் புதுசு ஒன்றுமில்லை. இந்த ஊர்க்காரனைப் பிடித்த பேய் உருப்பட்டதாகப் புராணமே கிடையாது.

திருப்பரங்குன்றத்துப் பூதத்தைப் பாருங்கள். சிவபூஜையில் கவனம் சிதறுகிறவர்களைப் பிடித்துக் குகையில் அடைப்பது அதன் தொழில். ஆயிரம் பேர் சேர்ந்ததும் ஒரே பந்தியாக முடித்துவிடத் திட்டம். 999 பேர் சேர்ந்தாயிற்று. அத்தனை பேருக்கும் உள்ளே சோறு போட்டது யார் என்று புராணம் சொல்லவில்லை. பூதம்தான் போட்டிருக்க வேண்டும். தான் பட்டினி கிடந்து தன் சாப்பாட்டுக்குச் சாப்பாடு போட்ட ஒரே பூதம் இதுதான். கணக்கு ரவுண்டாக வேண்டுமாம்!

ஆயிரமாவதாகச் சிக்கியவர் நக்கீரர். குளக்கரையில் பூஜையில் இருந்தவர் முன்னால் ஓர் இலை விழுந்தது. தண்ணீரில் கிடந்த பாதி மீனானது, தரையில் கிடந்த பாதி பறவையானது, இரண்டும் ஒன்றையொன்று இழுத்தன. எவன்தான் திரும்பிப் பார்க்க மாட்டான்? பார்த்தார். அள்ளிக்கொண்டு போய்விட்டது. உள்ளே இருந்தவர்கள், “புலவரே வருக” என்றா சொல்வார்கள்? “நீர் ஒருத்தர் வராமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்போமே ஐயா” என்று ஒப்பாரி வைத்தார்கள்.

ஆனால் பூதம் ஆள் தெரியாமல் கை வைத்துவிட்டது. நெற்றிக்கண்ணைத் திறந்து காட்டிய சிவனிடமே பாட்டில் பிழை பிழைதான் என்று நின்றவர் அவர். திருமுருகாற்றுப்படையை எடுத்துவிட்டார். 317 அடி. ஆறு படைவீடுகளில் திருப்பரங்குன்றத்தை முதலில் வைத்தார். அடைபட்டுக் கிடப்பவன் முதலில் முகவரியைத்தானே சொல்லுவான்? முருகன் வந்தான், வேல் பாய்ந்தது, குகை திறந்தது, ஆயிரம் பேரும் வீடு திரும்பினார்கள். தமிழுக்குப் பத்துப்பாட்டில் முதல் பாட்டு லாபம். பூதம், பாவம், இலை போடுமுன்பே போய்ச் சேர்ந்தது.

வயிறு நிறைந்த பூதமும் உண்டு. மீனாட்சி கல்யாணத்தில் மலையாக மிஞ்சிய சோற்றைக் குண்டோதரன் ஒருவனே தின்று தீர்க்க, அவன் தாகத்துக்கு வைகையையே வரவழைக்க வேண்டியதாயிற்று. அவன் குடித்ததுபோக மிச்சம்தான் இப்போது ஆல்பர்ட் விக்டர் பாலத்துக்குக் கீழே இருக்கிறது.

மதுரைக்கு இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. விரட்ட முடியாத ஆவிக்கு வேலை போட்டுக் கொடுத்துவிடும். கோவலன் வழக்கை விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லி, ஊர் எரியக் காரணமாகி, சிம்மாசனத்திலேயே உயிரை விட்ட நெடுஞ்செழியன்தான் மேலமடையில் பாண்டி முனீஸ்வரராக உட்கார்ந்திருக்கிறார் என்பது ஐதீகம். கண்மூடித் தவக்கோலத்தில் இருக்கும் அந்தச் சிலையைப் பார்த்துப் புத்தர் என்போரும் உண்டு. யாராக இருந்தால் என்ன, ஊரே தன் வழக்கையெல்லாம் கொண்டுபோய்க் கொட்டுவது அவரிடம்தான். சரித்திரத்தில் இவ்வளவு பெரிய தப்புத் தீர்ப்புக்குப் பிறகு பதவி உயர்வு வாங்கிய நீதிபதி வேறு யாரும் இல்லை. பாண்டி சைவம், கிடாய் பக்கத்தில் இருக்கும் சமயகருப்பருக்கு. அரசர் இப்போது கொலைப் பழிக்கு ரொம்ப ஜாக்கிரதை.

அழகர்கோவிலில் கதை இன்னும் சுவாரசியம். மலையாள நாட்டு மந்திரவாதிகள் பதினெட்டுப் பேர் அழகரின் சக்தியைத் திருட வந்தார்கள். சாமி பெயரே கள்ளழகர், அவரிடமே களவு! பதினெட்டுப் பேரும் பதினெட்டுப் படிக்கு அடியில் போனார்கள். அவர்களோடு துணைக்கு வந்த கருப்பு மட்டும் அழகரின் அழகில் மயங்கி, காவலுக்கு நின்றுவிட்டார். சாத்திய கதவுதான் சாமி. சந்தனம் சாத்துவதும் அதற்கே. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மதுரைக்குக் கிளம்பும்போது கருப்பிடம் நகைப் பட்டியலை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் போவார் என்பார்கள். திருட வந்த கூட்டத்தின் ஆளிடம் ஆடிட்டிங்! எந்தக் கம்பெனிக்கு வரும் இந்தத் தைரியம்?

எல்லாரிலும் பரிதாபம் வரகுணபாண்டியனைப் பிடித்த பிரம்மஹத்திதான். இரவில் வழியில் படுத்திருந்த அந்தணர் மேல் ராஜாவின் குதிரை ஏறிவிட, அந்தப் பழி பேயாக ஒட்டிக்கொண்டது. தானம் செய்தான், தர்மம் செய்தான், அது அசையவில்லை. அந்த நேரம் பார்த்துச் சோழன் படையெடுத்து வந்தான். சோழனைப் பாண்டியன் விரட்ட, பாண்டியனைப் பேய் விரட்ட, மூவரும் காவிரிக்கரைக்கே ஓடினார்கள். திருவிடைமருதூர்க் கோயிலுக்குள் பாண்டியன் கிழக்கு வாசலில் நுழைந்தான். பேய்க்கு உள்ளே அனுமதி இல்லை. “போய்விட்டு இந்த வழியாகத்தானே வரவேண்டும்” என்று வாசலிலேயே உட்கார்ந்தது.

பாண்டியன் மேற்கு வாசலால் நடையைக் கட்டினான்.

பேய் இன்னும் கிழக்கு வாசலில் சிலையாக உட்கார்ந்திருக்கிறது. அங்கே போகிறவர்கள் வந்த வழியே திரும்புவதில்லை என்பது வழக்கம். மறந்துபோய்க் கிழக்குப் பக்கமே வந்துவிட்டால், எந்த ஊர் என்று யாராவது கேட்டால், திருச்சி என்று சொல்லிவிடுங்கள்.